வளவில் (நடு முற்றத்தில்) தண்ணீர் நின்ற வீட்டுக்கு மறுபடி கரண்ட் கொடுப்பது எப்படி?

ஊருக்கே கரண்ட் வந்துவிட்டது, நம் வீட்டுக்கும் போட்டுவிடலாம் என்று மெயினைத் தட்டுகிறவர்கள்தான் அதிகம். லைனில் கரண்ட் வருவது வேறு, நனைந்த வீடு அதைத் தாங்குவது வேறு. செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. சுண்ணாம்புச் சுவர் மேலே உலர்ந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

1. இறங்குவதற்கு முன் வெளியே பாருங்கள்

சர்வீஸ் வயர் அறுந்து கிடந்தாலோ கம்பம் சாய்ந்திருந்தாலோ கிட்டே போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கம் கம்பங்கள் கூட்டமாகச் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி நேரத்தில் லைன் எப்போது உயிர்பெறும் என்று யாருக்கும் தெரியாது. கிடக்கிற கம்பியை உயிருள்ள கம்பியாகவே நினையுங்கள்.

மெயின் போர்டுக்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றால் அதில் நடந்துபோய் அணைக்க வேண்டாம். வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஈ.பி.யிடம் கேளுங்கள். மீட்டர் சீலை நீங்கள் உடைக்கக் கூடாது.

2. வீட்டில் எத்தனை மீட்டர்?

பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீட்டில் ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று சர்வீஸ் (மின் இணைப்பு) இருக்கலாம். உங்கள் மெயினை அணைத்திருப்பீர்கள். இரண்டாம் கட்டு (வீட்டின் அடுத்த பகுதி) விளக்கோ சித்தப்பா மீட்டரிலிருந்து வரும். அவர் சென்னையில் இருப்பார், சாவி ஆச்சியிடம் இருக்கும். எல்லா மெயினும் அணைந்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும்.

இன்வெர்ட்டரை மறக்காதீர்கள். ஈ.பி. போனதும் அது தானாக 230 வோல்ட் அனுப்பும். அது நனைந்திருந்தால் நீங்கள் தொடாமல் வயர்மேனைக் கழற்றச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை பிளக் பாயின்ட் வழியாக வீட்டுக்குள் விடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தக் கரண்ட் திரும்பி லைனுக்கு ஏறினால், கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிர் போகும்.

பீங்கான் ஃபியூஸ் கட்டை உள்ள போர்டில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அந்தக் காலத்தில் நியூட்ரலிலும் ஃபியூஸ் வைத்தார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் விளக்கு எரியாது, ஆனால் வயரில் கரண்ட் இருக்கும். விளக்கு எரியவில்லை என்பதை நம்பித் தொடாதீர்கள்.

3. கறையைக் குறியுங்கள்

தண்ணீர் ஏறிய மட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை மேலே உறிஞ்சும் என்பதால் கோட்டுக்கு மேல் ஒரு முழம் வரைக்கும் சந்தேகம்தான். அதற்குள் வரும் ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸும் ஜங்ஷன் பாக்ஸும் திறக்கப்பட வேண்டும். கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. எதை மாற்றுவது, எதை வைப்பது

முங்கிய சுவிட்ச், பிளக் பாயின்ட், எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) எல்லாம் குப்பைக்கு. காயவைத்தால் வேலை செய்வதுபோல் தெரியும். உள்ளே படிந்த சேறும் துருவும் ஆபத்து நேரத்தில் எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் விழவிடாது, அதாவது தானாக அணையவிடாது. இந்தச் செலவில் கணக்குப் பார்க்காதீர்கள்.

பி.வி.சி. வயர் பைப்புக்குள் நனைந்திருந்தால், தண்ணீரை வடித்துச் சோதித்தபின் பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். தேக்குச் சட்டத்தில் ஓடும், ரப்பர்மேல் நூல் சுற்றிய பழைய வயர் நனைந்தால் மாற்றியே ஆக வேண்டும். சட்டம் அழகாக இருக்கிறதே என்றால் அதை அப்படியே விட்டுவிட்டுப் புது வயரை வேறு வழியில் இழுங்கள்.

5. காயவிடுங்கள், பிறகு மெக்கர்

கதவு ஜன்னலைத் திறந்துபோட்டால் வளவு வழியாகக் காற்று நன்றாகவே ஓடும். அவசரப்படாதீர்கள்.

அடுத்தது லைசன்ஸ் உள்ள வயர்மேன் வேலை. பல்பு, டி.வி., சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரில் (வயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டையும் எர்த்தோடு பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த சர்க்யூட்டுக்கு இப்போதைக்குக் கரண்ட் கிடையாது. எர்த் கம்பி அறுந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

6. ஒவ்வொன்றாகப் போடுங்கள்

எல்லா எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டு மெயின், அடுத்து 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி., பிறகு நனையாத மாடி சர்க்யூட். கீழ்க்கட்டு கடைசி. எந்த எம்.சி.பி.யைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதோ கோளாறு அந்த சர்க்யூட்டில்.

எல்லா எம்.சி.பி.யும் அணைந்திருக்கும்போதே ஆர்.சி.சி.பி. விழுந்தால் புதியவர்கள் அதையே குறை சொல்வார்கள். ஒற்றை போல் எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும்; நனைந்த பாக்ஸில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டே இருக்கலாம். மெயினை அணைத்து, ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் வயர்மேன் தனித்தனியாகக் கழற்றிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாக இணைத்துத் தருகிற வயர்மேனை அப்போதே வழியனுப்பிவிடுங்கள்.

7. மோட்டாரும் பிரிட்ஜும்

போர் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இருப்பதுதான். நனைந்து கெடுவது மேலே இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி. கிணற்றடியில் தரைமேல் இருக்கும் மோனோபிளாக் மோட்டார் முங்கியிருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோங்கள். வெயிலில் வைத்தால் போதும் என்பார்கள். காயிலுக்குள் இருக்கும் ஈரம் அப்படிப் போகாது, சூட்டில் உலர்த்தி வார்னிஷ் போட்டாக வேண்டும். பிரிட்ஜில் கம்ப்ரஸர் மட்டம் வரை தண்ணீர் வந்திருந்தால் மெக்கானிக் ரிலேயைப் பார்க்கும் வரை பிளக்கில் செருக வேண்டாம்.