ஒரு லிட்டர் தண்ணீரைத் தாங்கும் குரோஷா பாட்டில் உறை

பாட்டில் உறை பின்னச் சொல்லித்தரும் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. பார்க்க எல்லாமே அழகுதான், ஆனால் அவற்றில் பலவற்றைப் பின்னி, பாட்டிலை நிரப்பி, நாலு நாள் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் பட்டை நீண்டுகொண்டே போய் பாட்டில் தொடையில் இடிக்க ஆரம்பித்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஸ்டீல் பாட்டில் என்றால் அதன் எடை வேறு. அத்தனையும் உறையின் மேல் விளிம்பில் தைத்த இரண்டே இடத்தில் தொங்குகிறது. பின்னல் என்பதோ இழுத்தால் நீளும். நம் வீடுகளில் முன்பு தொங்கிய உறியை நினைத்துப் பாருங்கள், கயிறு பானையின் அடியில் போய்த்தான் அதைத் தூக்கும், கழுத்தில் கட்டித் தூக்காது. இங்கேயும் அதேதான்: பட்டை ஒரு பக்கமாக இறங்கி, பாட்டிலின் அடியைச் சுற்றி, மறு பக்கமாக ஏற வேண்டும். வலை பாட்டிலைச் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும், எடை அதன் வேலை இல்லை.

மும்பையில் லோக்கல் ரயிலில் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய பெரிய ஓட்டைகளுடன் இருக்கும் வலைப்பின்னல் படத்தில் நன்றாக இருக்கும், ஆனால் தாதரில் இறங்கும் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவரின் ஜிப், சாவிக்கொத்து, வளையல் எல்லாம் அதில் மாட்டும். அதனால் இந்த உறையில் சிறிய கட்டங்கள்தான் வைத்திருக்கிறேன். பட்டையும் அக்குளுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே பாட்டில் நிற்கிற அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும். ஒரு கை மேலே பிடித்திருக்க, இன்னொரு கையால் பாட்டிலை எடுத்துக் குடிக்க அந்த உயரம்தான் சரி.

நூலுக்கு வருவோம். நடுத்தரத் தடிமனுள்ள 8 பிளை பருத்தி நூல் 100 கிராம் உருண்டை ஒன்று போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். பருத்தி தோளில் உறுத்தாது, வழுக்காது. ஆனால் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வெளியே வியர்க்கும்போது அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இங்கே எதுவும் சீக்கிரம் காயாது. மழைக்காலத்தில்தான் அதிகம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அக்ரிலிக் எடுங்கள், சீக்கிரம் காயும், சாயமும் போகாது. அது பருத்தியைவிட அதிகம் இழுபடும் என்பதுதான் குறை, அதற்குத்தான் பட்டையின் பின்னால் நாடா வைக்கப் போகிறோம். அடர்த்தியான சிவப்பு, நீலப் பருத்தி நூல் வாங்கினால், பின்னத் தொடங்கும் முன் ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம், வெள்ளைச் சட்டை போடும் நாளில் வருத்தப்படுவீர்கள்.

க்ராஃபர்ட் மார்க்கெட்டை ஒட்டிய அப்துல் ரஹ்மான் தெருவில் கைவேலைச் சாமான்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வீட்டுப் பக்கத்தில் தையல் சாமான் கடையில் 'க்ரோஷியா' என்று கேட்டால் ஊசியை எடுத்துக் காட்டுவார்கள். அங்கே பெரும்பாலும் லேஸ் பின்னும் மெல்லிய இரும்பு ஊசிகளை நீட்டுவார்கள், அவை இதற்கு ஆகாது. பிடியில் 4 மிமீ என்று பொறித்திருப்பதைக் கேளுங்கள். பட்டைக்கு மட்டும் 3.5 மிமீ ஊசி கிடைத்தால் நல்லது, பின்னல் இறுக்கமாக வரும். மற்றபடி பெரிய காது உள்ள ஊசி ஒன்று, நாலைந்து ஊக்கு, பட்டன் கடையில் கிடைக்கும் 2 செமீ அகலப் பருத்தி நாடா இரண்டு மீட்டர், முடிக்குப் போடும் மெல்லிய எலாஸ்டிக் வளையம் ஒன்று. பாவாடை நாடா அகலமாக இருந்தால் அதுவே போதும்.

தேவைப்படும் பின்னல்கள் மிகக் கொஞ்சம். செயின் என்றால் ஊசியில் இருக்கும் கண்ணி வழியாக நூலை இழுத்து இழுத்துச் சங்கிலி போலக் கோப்பது. சிங்கிள் என்றால் ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டு கண்ணிகளையும் ஒரே இழுப்பில் முடிப்பது. டபுள் என்றால் முதலில் நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு உள்ளே விட்டு, வெளியே இழுத்தபின் இரண்டிரண்டாக இரண்டு தடவையில் முடிப்பது. பிரிட்டிஷ் முறையில் எழுதியவர்கள் நம் சிங்கிளையே டபுள் என்பார்கள், அதனால் மற்ற குறிப்புகளோடு ஒப்பிடும்போது பெயரைப் பார்க்காமல் செய்முறையைப் பாருங்கள். ஸ்லிப் ஸ்டிட்ச் என்பது நூலை இழுத்த கையோடு ஊசியில் இருக்கும் கண்ணிக்குள்ளும் நுழைத்துவிடுவது.

முதலில் அடிப்பாகம். 4 செயின் போட்டு ஸ்லிப் ஸ்டிட்சால் வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் 6 சிங்கிள். மேஜிக் ரிங் (இழுத்துச் சுருக்கும் நூல் வளையம்) தெரிந்தவர்கள் அதைச் செய்யலாம், நடுவில் ஓட்டை விழாது. இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு ஸ்டிட்சிலும் இரண்டு சிங்கிள், ஆக 12. மூன்றாவதில் ஒரு ஸ்டிட்சில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாறி மாறி, ஆக 18. அடுத்ததில் இரண்டு சாதாரணமாகப் போட்டு மூன்றாவதில் இரண்டு, ஆக 24. இப்படியே ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூடிக்கொண்டே போகும்: 30, 36. ஒவ்வொரு சுற்றின் முதல் ஸ்டிட்சிலும் ஒரு ஊக்கை மாட்டுங்கள், எண்ணிக்கை அங்கேதான் தப்பும். வட்டம் கிண்ணம் போலக் குழிந்தால் உங்கள் கை இறுக்கம், ஊசியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஓரம் அலை அலையாக நெளிந்தால் எங்கோ ஆறுக்கு மேல் கூட்டியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்து அந்தச் சுற்றைப் பிரித்துவிடுங்கள்.

36-ல் வட்டம் ஏறக்குறைய ஏழு செமீ குறுக்களவு வரும். பாட்டிலை அதன்மேல் நிறுத்திப் பாருங்கள். வட்டம் பாட்டிலின் அடியைவிட மயிரிழை சிறியதாக இருப்பதுதான் நல்லது, ஏனென்றால் வலை விரிந்துகொடுக்கும், ஆனால் பெரிதாகப் பின்னியதைச் சுருக்க முடியாது. உங்கள் பாட்டில் அகலமானது என்றால் இன்னொரு சுற்று போட்டு 42-ல் நிறுத்துங்கள்.

இனி கூட்டுவதில்லை. அடுத்த சுற்றில் ஸ்டிட்சின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் ஊசியை விட்டு 36 சிங்கிள் போடுங்கள், அடியும் சுவரும் சந்திக்கும் இடத்தில் ஒரு மடிப்பு விழுந்து பாட்டில் தட்டையாக உட்காரும். அப்புறம் வழக்கம்போல மூன்று சுற்று சிங்கிள். இந்த நான்கு சுற்றையும் வலை போடும் அவசரத்தில் குறைத்துவிடாதீர்கள், ரயிலில் கீழே வைக்கும்போதும் மேடையில் உரசும்போதும் அடி படுவது இந்தப் பாகம்தான். கடைசி ஸ்டிட்சை அடுத்ததோடு ஒரு ஸ்லிப் ஸ்டிட்சால் சேர்த்துச் சுற்றைச் சமமாக்கிக்கொள்ளுங்கள்.

வலை இப்படி: 4 செயின் போடுங்கள், முதல் மூன்றும் ஒரு டபுளின் இடத்தில், நான்காவது இடைவெளிக்கு. ஒரு ஸ்டிட்சை விட்டு அடுத்ததில் ஒரு டபுள், ஒரு செயின், மறுபடி ஒன்றை விட்டு அடுத்ததில் டபுள், ஒரு செயின். சுற்றி வந்து, தொடக்கத்துச் செயினின் மூன்றாவது கண்ணியில் ஸ்லிப் ஸ்டிட்ச். எண்ணினால் 18 கட்டம் இருக்க வேண்டும். அடுத்த சுற்றிலிருந்து டபுளின் தலையிலேயே டபுள், நடுவில் ஒரு செயின், அவ்வளவுதான். வலை பாட்டிலின் தோள் வரை வரும்வரை இப்படியே சுற்றுங்கள். சுற்றுகள் சேரும் இடம் லேசாகச் சாய்ந்து கோடு போலத் தெரியும், கவலைப்படாதீர்கள், அதன்மேல் பட்டை வரப் போகிறது.

பாட்டிலை உள்ளே விட்டுப் பார்த்து, மூடியைத் திறக்க இடைஞ்சல் இல்லாத உயரத்தில் வலையை நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு டபுளின் மேலும் ஒரு சிங்கிள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிங்கிள், மறுபடி 36. இன்னொரு சுற்று சிங்கிள். மூன்றாவது சுற்றில் அந்த முடி எலாஸ்டிக்கை விளிம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிங்கிளும் அதைச் சுற்றி மூடும்படி பின்னுங்கள். ஸ்டீல் பாட்டில் வழுக்கும், குனிந்தால் நழுவி விழும், இந்த எலாஸ்டிக் அதைத் தடுக்கிறது. இது இல்லாமல் நான் யாருக்கும் பின்னிக் கொடுப்பதில்லை.

இப்போது பட்டை. இங்கே பொறுமை வேண்டும், இந்தப் பையின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. அளவை டேப்பில் எடுக்காதீர்கள், நாடாவிலேயே எடுங்கள். பாட்டிலை நிரப்பி உறைக்குள் வைத்து, நாடாவை அதன் அடியில் கொடுத்து, இரு பக்கமும் ஏற்றி, குறுக்காகத் தோளில் போட்டு முடிச்சிடுங்கள். யாராவது ஒருவர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டால் சுலபம். சரியான உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற ஐந்து செமீ சேர்த்து வெட்டுங்கள். சராசரி உயரமுள்ளவர்களுக்கு மொத்தம் 160 செமீ அளவில் வரும்.

அந்த நாடாவின் நீளத்துக்குச் செயின் போடுங்கள், 250-க்கு மேல் போகும், எண்ண வேண்டாம், நாடாவை அருகில் வைத்து நீளத்தைப் பார்த்தால் போதும். செயின் இறுகினால் பட்டை வளைந்துவிடும், அதனால் செயினை மட்டும் 4 மிமீ ஊசியில் தளர்வாகப் போட்டுவிட்டு 3.5-க்கு மாறுங்கள். அதன்மேல் நீளவாக்கில் 4 வரிசை சிங்கிள், ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு செயின் போட்டுத் திரும்பி. ஐந்து ஸ்டிட்ச் அகலத்துக்குக் குட்டி வரிசைகளாக ஏற்றிக்கொண்டே போகும் பட்டை சீக்கிரம் முடிவது போலத் தோன்றும், ஆனால் அதுதான் எடையில் அதிகம் நீளும். நீளவாக்கில் போகும் வரிசை அந்த அளவுக்கு இழுபடாது. கடைசியாக இரண்டு ஓரத்திலும் ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிட்ச் ஓட்டினால் இன்னும் கெட்டியாகும். அகலம் இரண்டரை செமீ வரும், நாடாவை மறைக்க அது போதும்.

நாடாவைப் பட்டையின் பின்பக்கம் வைத்து, சாதாரணத் தையல் நூலால் இரண்டு ஓரமும் தையுங்கள். கையால் தைக்கலாம், தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் மெஷினில் ஐந்து நிமிட வேலை. நாடாவின் முனைகளை மடித்துவிடுங்கள், மடிக்காவிட்டால் பிரியும். பிறகு இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, சதுரமாகச் சுற்றித் தைத்து, நடுவில் குறுக்காக இரண்டு கோடு போடுங்கள். முழு எடையும் வந்து நிற்கும் இடம் இது, இரண்டு தடவை தைத்தாலும் தப்பில்லை.

அந்தத் தையல் உறையின் அடிவட்டத்தின் நடுவில் வரும்படி வைத்து ஊக்கால் குத்துங்கள். பட்டை இரண்டு கட்டத்தின் அகலம் இருக்கும். ஒரு பக்கத்தை அந்தச் சாய்ந்த கோட்டின்மேல் ஏற்றுங்கள், எதிர்ப்பக்கத்தை இரு புறமும் ஏழேழு கட்டம் விட்டு வையுங்கள். 42-ல் பின்னியவர்களுக்கு ஒரு புறம் எட்டும் ஒரு புறம் ஒன்பதும் வரும், பரவாயில்லை. உறையின் நூலையே பெரிய காது ஊசியில் கோத்து, அடியிலிருந்து தொடங்கி இரு ஓரமும் மேல் விளிம்பு வரை தையுங்கள், நூலை இழுத்துச் சுருக்காமல். மேல் விளிம்பில் எலாஸ்டிக்கைக் குத்தாமல் அதன் கீழே நிறுத்துங்கள். மிச்ச நுனிகளைச் சிங்கிள் வரிசைகளுக்குள் போகவிட்டு, திசை மாற்றி இன்னொரு தடவை இழுத்துவிட்டு வெட்டுங்கள். ஒரே திசையில் விட்டால் துவைக்கத் துவைக்க வெளியே வரும்.

துவைக்கும்போது பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, மின்விசிறிக்குக் கீழே படுக்கவைத்துக் காயப்போடுங்கள். ஈரத்தோடு பாட்டிலை உள்ளே வைத்தால் இரண்டே நாளில் வாடை வரும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

எங்கள் கட்டடத்தில் ஒரு மாமி, "குழந்தையோட அரை லிட்டர் பாட்டிலுக்கும் இதே கணக்குத்தானாடீ?" என்று கேட்டார். அடிவட்டத்தை 30-ல் நிறுத்துங்கள், 15 கட்டம் வரும். வலையை அந்தப் பாட்டிலின் தோள் வரை பின்னுங்கள், பட்டையில் 3 வரிசை போதும், நாடா மட்டும் ஒன்றரை செமீ அகலத்தில் வாங்குங்கள். குழந்தைக்குப் பட்டையைக் குறுக்காக மாட்டாமல், கையில் பிடிக்கிற அளவு குட்டையாக வைப்பதையே நான் சொல்வேன், விளையாடும்போது எங்கேயாவது மாட்டி இழுத்துவிடும் பயம் இருக்காது.