ரொறன்ரோவிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வருபவர்களுக்கு

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில். கனடாவிலிருந்து வரும் சொந்தக்காரர் முதல் இரவு இங்கே தங்கிவிட்டுத்தான் யாழ்ப்பாணம் போவார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் அவர்களைக் கூட்டி வருவது நான். வயதானவர்கள் எந்தக் கோலத்தில் வந்து இறங்குகிறார்கள் என்பதை வருடாவருடம் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடா வழியாக வந்தால் முதல் பறப்பு 12, 13 மணித்தியாலம். பிறகு இன்னொரு நாலரை, ஐந்து. அதனால் விலையைப் பார்க்கமுதல் இடையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பாருங்கள். அம்மா, அப்பா கூட வந்தால் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையவே கூடாது. மலிவென்று இரண்டு ரிக்கற்றாகப் பிரித்தும் போடாதீர்கள். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது கம்பனிக்கு உங்களைப் பற்றி ஒரு பொறுப்பும் இல்லை. சக்கர நாற்காலியை ரிக்கற் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

என் பெரியக்கா ஒரு ஜனவரியில் வந்தா. இடையில் இருந்தது 70 நிமிடம். ரொறன்ரோவில் பனி கொட்டி விமானம் பிந்த, ஓடி ஓடித்தான் அடுத்ததைப் பிடித்தா. அவ வந்து சேர்ந்தா, சூட்கேஸ் வரவில்லை. பிரஷர் குளிசை, சீனிக் குளிசை எல்லாம் அதற்குள். இரவு பதினொரு மணிக்கு பாமசி தேடிக் காலி வீதியில் அலைந்தோம். திறந்திருந்த ஒன்றில் மருந்தின் பெயரைக் கேட்டார்கள். அக்காவுக்குத் தெரிந்தது "காலமை ஒரு வெள்ளைக் குளிசை" என்பது மட்டும்தான். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மருந்து முழுவதும் கைப்பையில்தான் வரவேண்டும். பெட்டியில் இருக்கும் வியாபாரப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். கனடாவில் நோர்வாஸ்க் என்று வாங்குவது அம்லோடிபின். அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே எந்த பாமசியிலும் விளங்கும். தாளைப் படம் எடுத்து, கூட்ட வருபவருக்கும் அனுப்பிவிடுங்கள். இன்சுலினை ஒருபோதும் சூட்கேசில் வைக்கவேண்டாம், கீழே குளிரில் உறைந்தால் பழுதாகிவிடும். கிழக்கே பறக்கும்போது நாள் சுருங்குவதால் எத்தனை மணிக்கு ஊசி என்பதையும் டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு அதே தாளில் எழுதுங்கள்.

ஓரத்து இருக்கை எடுங்கள். கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே வரும் அம்மாக்கள் நிறையப் பேர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழுப்பி நடக்க வையுங்கள். அக்காவின் கால் வீங்கி, கழற்றிய சப்பாத்துக்குள் திரும்பப் போகவில்லை. பிளேனில் தந்த காலுறையோடுதான் வெளியே வந்தா. பட்டி தளர்த்தக்கூடிய செருப்பு நல்லது. கனத்த ஜாக்கெட்டுக்கு உள்ளே பருத்திச் சட்டை போட்டு வாருங்கள், இங்கே கதவைத் தாண்டியதும் 30 பாகை.

விசாவைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். அதைப்போலவே தோற்றம் காட்டிக் கூடக் காசு பறிக்கும் தளங்கள் உண்டு. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்கள் பள்ளி விடுமுறைக் கூட்டத்தோடு வருவதால் ரிக்கற்றை மாதக்கணக்கில் முன்னரே எடுக்கவேண்டும்.

இறங்கும் நேரத்தையும் யோசியுங்கள். அதிவேகப் பாதையில் கொழும்பு எல்லையில் இருக்கும் பேலியகொடவரை அரை மணித்தியாலம்தான். ஆனால் காலையில் கந்தோர் நேரத்தில் அங்கிருந்து வெள்ளவத்தை வருவதற்குள் வயதானவர் களைத்துவிடுவார். இரவு பத்துக்குப் பிறகென்றால் வீதி வெறிச்சென்று இருக்கும், வந்து குளித்துவிட்டுப் படுக்கலாம். அன்றிரவே யாழ்ப்பாண பஸ்சில் ஏற்றாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். இரண்டு இரவு இங்கே தங்கட்டும். பகலில் நித்திரை வந்தாலும் பின்னேரம் கடற்கரைப் பக்கம் வெயில் படக் கூட்டிப் போங்கள்.

குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். இங்கே இரவு இரண்டு மணி என்றால் அங்கே முதல் நாள் பின்னேரம் மூன்றரை. அந்த நேரத்தில் அவர்களுக்கு முழிப்பு வரும், பசிக்கும், வீட்டுக்காரரை எழுப்பக் கூச்சப்படுவார்கள். நான் குசினி விளக்கை அணைப்பதில்லை. மேசையில் பிளாஸ்கில் சுடுதண்ணியும் கிறீம் கிறாக்கர் பெட்டியும் வைத்து, எங்கே இருக்கிறது என்று படுக்க முன்னர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிவிடுவேன்.