கொமினிகேஷன் கடையில் அடையாள அட்டையை விட்டுவிட்டு வராதீர்கள்

இலங்கையின் கிழக்கில், கல்லடியிலோ கல்முனையிலோ அவசரத்துக்கு ஒரு பிறின்ட் வேண்டுமென்றால், கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அடையாள அட்டைப் படத்தை அனுப்புவதே வழக்கம். அட்டையின் இலக்கத்திலேயே உங்கள் பிறந்த தேதி இருக்கிறது. 92565 என்று தொடங்கினால் 1992 மார்ச் 5இல் பிறந்த பெண்: முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூடும். 12 இலக்கப் புது அட்டையில் ஆண்டு முழுதாகவே வரும்.

கடைக் கணினி படத்தைத் தரவிறக்கிய பின் நீங்கள் வட்ஸ்அப்பில் "எல்லோருக்கும் அழி" கொடுத்தாலும், டவுன்லோட்ஸ் கோப்புறையில் அது அப்படியே கிடக்கும். பிறின்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, ஷிஃப்ட், டிலீட் இரண்டையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். வெறும் டிலீட் என்றால் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். கேட்க வெட்கப்பட வேண்டாம், நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார்.

உங்கள் வட்ஸ்அப்பையே கடைக் கணினியில் திறந்திருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. ஃபோனில் வட்ஸ்அப்பின் லிங்க்ட் டிவைசஸ் போய் அந்தக் கணினியைத் தொட்டு லொக் அவுட் செய்யுங்கள். பிரவுசரை மூடினால் மட்டும் தொடர்பு அறுந்துவிடாது.

போட்டோ கொப்பி கொடுக்கும்போது, அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் "சிம் எடுக்க மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். எழுத்து படத்தின் மேலும் ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடலாம். மங்கலாக விழுந்த கொப்பியையும் கடைக் கூடையில் போடாமல் கேட்டு வாங்கிக் கிழியுங்கள்.