உங்கட கவிதை வேற ஆள்ட புத்தகத்துல கிடந்தா என்ன செய்யிற?

முதல்ல கையில இருக்கிற போனைக் கீழ வைங்க. எனக்கு நடக்கக்குள்ள நான் வைக்கல்ல. கல்முனையில ஒரு வெளியீட்டு விழா, பின்வரிசையில இருந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு போறன், என்ட கவிதை இன்னொரு பேருல கிடக்கு, மேடையில அந்த ஆளுக்குப் பொன்னாடை போத்துறாங்க, எனக்குப் பத்தியெரிஞ்சி கதிரையில இருந்தபடியே 'கவிதைக் கள்ளன்' எண்டு ஃபேஸ்புக்குல போட்டுட்டன். விடியுறதுக்குள்ள அவர் தன்ட பழைய போஸ்டெல்லாம் அழிச்சிட்டார். என்ட கையில ஒண்டுமில்ல, கடைசியில பொறாமைக்காரன் எண்டு பேரெடுத்தது நான்தான்.

அதால புத்தகத்தைக் காசு குடுத்து வாங்குங்க (கள்ளனுக்கு நம்மட காசா எண்டு வயிறெரியும், பரவால்ல). பில் எடுங்க. அட்டை, கவிதை இருக்கிற பக்கம், ஐஎஸ்பிஎன்னும் பதிப்பு விபரமும் உள்ள பக்கம், மூணையும் படம் எடுங்க. அவர் ஆன்லைன்ல போட்டிருந்தா லிங்கும் திகதியும் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட். பிறகு உங்கட பக்கத்துத் திகதிகள்: எந்தச் சஞ்சிகையில வந்தது, யாருக்கு ஈமெயில்ல அனுப்பினீங்க, எப்ப போஸ்ட் போட்டீங்க. பழைய போஸ்டுல ஒரு கமாவும் திருத்தாதீங்க, எடிட் ஹிஸ்டரியைக் காட்டி 'இப்பதானே மாத்தினது' எண்டு உங்களையே பிடிப்பாங்க.

இனித்தான் உண்மையான வேலை. ஒரு தாளில இடப்பக்கம் உங்கட வரி, வலப்பக்கம் அவர்ட வரி எண்டு எழுதுங்க. அப்பிடியே கொப்பி அடிக்கிறவங்க குறைவு, அங்க இஞ்ச சொல்லை மாத்திப்போட்டுத்தான் சுடுவாங்க. நான் வாவி (கடலோட சேர்ற களப்பு) எண்டு எழுதினதை அவர் நதி ஆக்கியிருந்தார். ஆனா ரெண்டு வரி தள்ளி, அள்ளிக் குடிச்சா உப்புக் கரிக்கிது எண்டு வாறதை மாத்தாம விட்டுட்டார். வாவித் தண்ணி கரிக்கும், முகத்துவாரம் வெட்டினாக் கடல் உள்ள வரும், நதி என்னத்துக்குக் கரிக்குது? அதைவிட நல்ல சாட்சி என்ட எழுத்துப்பிழை. 'தோணி கரை சேரல்ல' எண்டு வரவேண்டிய இடத்துல அவசரத்துல 'கறை' எண்டு அடிச்சிருந்தன். புத்தகத்துலயும் தோணி கறைதான் சேரல்ல! ஒரே நினைப்பு ரெண்டு பேருக்கு வரலாம், ஒரே பிழை ஒரே இடத்துல வாறது கஷ்டம்.

எல்லாத்தையும் களவு எண்டும் சொல்லாதீங்க. 2004 சுனாமியைப் பத்தி இந்தக் கரையில எழுதாத ஆளில்ல, அலை, செருப்பு, பிள்ளைட பொம்மை எல்லார்ட கவிதையிலயும் வரும். நாட்டார் கவி ஊருக்குப் பொது, ஆனா அதை எடுத்துத் தன்ட பேரைப் போட்டா அது களவுதான். 1947ல காலமான விபுலானந்த அடிகள்ட எழுத்துக்கும் பதிப்புரிமைக் காலம் முடிஞ்சிட்டு, ஆரும் அச்சடிக்கலாம், அதுக்காக அவர்ட பேரைத் தூக்கலாமா?

இலங்கைச் சட்டம் எண்டா 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். கவிதையை எங்கயும் பதியத் தேவையில்ல, எழுதின உடனே உரிமை உங்கட, நீங்க மௌத்தாகி 70 வருஷம் மட்டும் நிக்கும், உங்கட பேரைப் போடச் சொல்லிக் கேக்கிற உரிமையும் அதுக்குள்ள இருக்கு. வெறும் கருத்துக்கு மட்டும் பாதுகாப்பில்ல. கோட்டுக்குப் போறதெண்டா லோயரைப் பாருங்க, ஒரு கவிதைக்காக அவ்வளவு தூரம் போறவங்களை நான் காணல்ல.

அதுக்கு முதல் பதிப்பாளருக்கு ஒரு கடிதம். திட்டு வேணாம், அந்தத் தாளும் திகதிகளும் போதும். என்ன வேணும் எண்டு தெளிவாக் கேளுங்க: விக்காத பிரதிகள்ல பேர் திருத்தி ஒரு துண்டு ஒட்டணும், அடுத்த பதிப்புல அந்தக் கவிதையை நீக்கணும், எத்தனை நாளுக்குள்ள பதில் வேணும். எனக்குத் துண்டு ஒட்டித் தந்தாங்க, மன்னிப்பு மட்டும் வரல்ல.

சஞ்சிகை நடத்துறவங்களுக்கும் ஒண்டு. வந்த கவிதையைக் கூகுள்ல தேடக்குள்ள முதல் வரியைப் போடாதீங்க, அதைத்தான் முதல்ல மாத்துவாங்க, நடுவுல இருக்கிற விசித்திரமான நாலு சொல்லை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. மொழிபெயர்த்துச் சுடுறதும் இருக்கு. கனடா பாராளுமன்றக் கவிஞரா இருந்த பியர் தெரூய்சோட 2013 தொகுப்புல அமெரிக்கக் கவிஞர் மாயா ஏஞ்சலோட கவிதை பிரெஞ்சில கிடந்தது, அது வெளியில வந்தது 2017ல, ஆள் செத்ததுக்குப் பிறகு. சந்தேகம் வந்தா ரெண்டு வரியை இங்கிலீசுக்கு மாத்தித் தேடிப் பாருங்க.

கூகுள்ல இல்ல எண்டதுக்காக நம்பிடவும் வேணாம். பழைய சஞ்சிகைகள் 'நூலகம்' எண்ட இணையத்தளத்துல ஸ்கேன் படமாத்தான் கனக்கக் கிடக்கு, பாமினி எண்ட பழைய எழுத்துருவுல அடிச்சது யூனிகோட்ல தேடினா அம்பிடாது. அதுக்கு வாசிச்சி வாசிச்சி ஊறின ஆள் ஒருத்தர் வேணும், ஒவ்வொரு ஊர் லைப்ரரியிலயும் பேப்பர் மேசைக்குக் கிட்ட அப்பிடி ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இருப்பார், அவருக்கிட்ட ஒரு பிளேன்டி வாங்கிக் குடுத்துட்டுக் கவிதையை நீட்டுங்க.