எக்ஸ்பாக்ஸ் டெவ் மோடில் கேம் தானாக மூடிக்கொண்டதா? என் அனுபவம்

தனியாக கேம் செய்பவர்கள் பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ கன்சோல்களுக்கான கேம் உருவாக்கும் கருவிகளைப் பெற, முதலில் பதிவு செய்து, ஒப்புதலும் வாங்கி, ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். எக்ஸ்பாக்ஸில் ஒரு குறுக்குவழி உண்டு. கடையில் வாங்கிய கன்சோலையே டெவ் மோடுக்கு, அதாவது நாம் செய்யும் கேமைச் சோதிக்கும் நிலைக்கு, மாற்றலாம். அதற்கான செயலி காட்டும் குறியீட்டை மைக்ரோசாஃப்டின் டெவலப்பர் தளமான பார்ட்னர் சென்டரில் கொடுத்தால் போதும். அதுவரை எனக்குச் சிக்கலே இல்லை.

நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோவிலிருந்து என் யு.டபிள்யு.பி. (விண்டோஸ், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் ஓடும் செயலி வகை) கேமை ஏற்றிய பிறகுதான் தலைவலி. மெனு ஓடும், பெரிய லெவல் லோட் ஆகும்போது எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் மூடிக்கொள்ளும். கணினியில் அதே கேம் நன்றாக ஓடியது. ஷேடர்களை (ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) சந்தேகித்து மாற்றினேன், பயனில்லை. கன்சோலை ரீசெட் செய்தேன், அதுவும் வீண். டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) சுருக்கியபோது மட்டும் கொஞ்சம் தாமதமாக மூடியது. அந்தத் தாமதம்தான் துப்பு: நினைவகம் போதவில்லை.

டெவ் மோடின் முகப்புச் செயலியான டெவ் ஹோமில் கேமின் விவரப் பக்கத்துக்குள் 'ஆப் டைப்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. எளிதில் கண்ணில் படாது. நாம் ஏற்றும் எதுவும் முதலில் 'ஆப்' என்றுதான் பதிவாகும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஆப்புக்கு 1 ஜிபி நினைவகம், ஜிபியுவில் (படங்களை வரையும் சிப்) 45 சதவீதம் வரைதான். 'கேம்' என்று மாற்றினால் 5 ஜிபி, முழு ஜிபியு. மாற்றினேன், லெவல் ஓடியது. அப்பாடா!

அப்புறம், டெவ் மோடு சோதனைக்கு மட்டும். கேமாக வெளியிட, தனி டெவலப்பர்களுக்கான ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் திட்டத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.