பாலத்தை இடிக்கும் முன் மாற்றுப்பாதையைப் பாருங்கள்

பழைய பாலத்தை உடைத்துவிட்டு, அப்புறம் பக்கத்தில் அவசரமாக மண் கொட்டி அம்புக்குறி நடுவது முதல் தவறு. பாதை போட்டு, ரோலர் ஓட்டி, சில நாள் லோடு லாரிகளை அதில் விட்டுப் பார்த்த பிறகே பாலத்தில் கை வைக்க வேண்டும்.

மாற்றுப்பாதையை லாரியை விட அதிகம் கெடுப்பது தண்ணீர்தான். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையைப் பார்த்து, இரண்டு ஹியூம் பைப் (சிமெண்ட் குழாய்) போதும் என்று முடிவு செய்துவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். பைப் வாயில் தென்னை மட்டையும் கருவேல முள்ளும் அடைத்துக்கொண்டு, விடிவதற்குள் பாதை போய்விட்டது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கு எந்த மண்பாதையும் நிற்காது, சரி. ஆனால் சாதாரண மழைக்கே போகிறதே! பழைய தூணில் வெள்ளம் ஏறிய தடத்தைப் பாருங்கள், கரையோரப் பெரியவர்களைக் கேளுங்கள். தென்பெண்ணையில் இன்னும் கவனம் வேண்டும். காவேரிப்பட்டணத்தில் வெயில் அடிக்கும்போதே, கர்நாடகத்தில் பெய்த மழைக்கு, ஆற்றில் அதற்கு மேலே உள்ள கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள்.

உயரமாகப் போட்டால் பத்திரம் என்பதும் தப்புக் கணக்கு. அது அணை மாதிரி தண்ணீரைத் தேக்கி, ஒரே அடியாக உடையும். பைப்புக்கு மேல் 60 சென்டிமீட்டர் மண் இருந்தால் போதும். ஓரிடத்தைக் கொஞ்சம் தாழ்வாக விட்டு, தண்ணீர் அங்கேயே வழிந்து போகும்படி செய்யுங்கள். அரிப்பு தொடங்குவது தண்ணீர் விழும் பக்கத்தில். மணல் மூட்டையை அங்கே அடுக்க வேண்டும்.

அடுத்தது வளைவு. காரை மனதில் வைத்துத் திருப்பம் போட்டால், கிரானைட் ஏற்றிய டிரெய்லரின் பின்சக்கரம் உள்பக்கம் வெட்டி ஓரத்தில் இறங்கிவிடும். வளைவில் அகலம் கூடுதலாகவே வேண்டும்.

சுண்ணாம்பு அடித்த பாறாங்கல்லைத் தடுப்பாக வைக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. இரவில் பைக்கில் வருபவருக்கு அது எமன். ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டிய பிளாஸ்டிக் டிரம் வைக்கலாம். தூசிக்கு டேங்கர் தண்ணீர் தெளிக்க வேண்டும். சேறாகிற அளவுக்கு ஊற்றக் கூடாது.

பாலம் திறந்ததும் பைப்பையும் மண்ணையும் ஓடையிலேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு. மேலே அகலமான புதுப் பாலம் நிற்கும். மழைத் தண்ணீரோ அதே இரண்டு பைப்பில் முட்டிக்கொண்டு பக்கத்து வயலுக்குள் புகுந்திருக்கும்.