அம்மாவின் போனுக்கு கனடாவில் இருந்து ரீலோட் போடுவது

ஸ்காபரோவில் வேலை முடிந்து வந்து இரவு 9 மணிக்கு வட்ஸ்அப்பில் அம்மாவுக்கு எடுக்கிறேன், 'ரிங்கிங்' என்று மாறாமல் 'காலிங்' என்றே நிற்கிறது. கோடை காலத்தில் யாழ்ப்பாணத்தில் அது காலை ஆறரை மணி, அம்மா எழும்பித் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பார். அப்படியென்றால் ஒன்று போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது, இல்லாவிட்டால் டேட்டா முடிந்துவிட்டது. அநேகமாக இரண்டாவதுதான்.

இங்கிருந்து ரீலோட் போடுவது, அதாவது அம்மாவின் சிம்முக்குக் காசு ஏற்றுவது, இரண்டு நிமிட வேலை. அதற்கு முதல் செய்ய வேண்டியதை நான் ஒழுங்காகச் செய்யாமல் காசை வீணாக்கியிருக்கிறேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் இலக்கம். உங்கள் போனில் 'அம்மா' என்று சேமித்து வைத்திருப்பது அநேகமாக வட்ஸ்அப் இலக்கம். அந்த சிம்தான் இப்போதும் அம்மாவின் போனுக்குள் இருக்கிறது என்று நம்பாதீர்கள். சிம்மை மாற்றினாலும் பழைய இலக்கத்திலேயே வட்ஸ்அப் ஓடிக்கொண்டிருக்கும். நான் ஒரு தடவை 2,000 ரூபாய் போட்டுவிட்டு இரண்டு நாளாக "வந்ததா, வந்ததா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் அந்த சிம்மை அம்மா எப்போதோ சித்தியின் மகனிடம் கொடுத்துவிட்டார், அவன் "அண்ணா போட்டு விட்டவர்" என்று சந்தோஷமாக கேம் விளையாடி முடித்துவிட்டான். சொந்தக்காரன் என்றபடியால் சிரித்துவிட்டு விட்டேன். கனகாலம் பாவிக்காத சிம்மைக் கம்பனி வெட்டிவிட்டு அதே இலக்கத்தை வேறு ஆளுக்குக் கொடுப்பதும் உண்டு, அப்படிப் போனால் யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு சிம் போடுகிற போன் என்றால் எந்த சிம்மில் டேட்டா ஓடுகிறது என்பதையும் கேளுங்கள். வீட்டில் 4ஜி ரவுட்டர் இருந்தால் அதற்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது, அதன் இலக்கம் வேறு.

இலங்கைக் கைபேசி இலக்கம் 0-வோடு சேர்த்து பத்து இலக்கம். வெளிநாட்டிலிருந்து போடும்போது அந்த 0-வைத் தூக்கிவிட்டு முன்னால் 94 போட வேண்டும், 077 என்று தொடங்குவது 94 77 ஆகும். 077, 076, 074 டயலொக். 071, 070 மொபிடெல். 078-ம் 072-ம் ஹட்ச், இதில் 072 முன்பு எடிசலாட்டாக இருந்தது. 075 எயார்டெல், அது 2024-இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. இலக்கத்தை அடித்தவுடன் ரீலோட் போடுகிற செயலியே கம்பனியின் பெயரைக் காட்டும். காட்டும் பெயர் நீங்கள் நினைத்த கம்பனி இல்லையென்றால் அதிலேயே நிறுத்திவிட்டு இலக்கத்தைத் திரும்பப் பாருங்கள்.

அடுத்தது, ரீலோட்டா, டேட்டா பக்கேஜா? அம்மா வட்ஸ்அப்பில் மட்டும்தான் கதைப்பார் என்றால் வெறும் ரீலோட் போடாதீர்கள். பக்கேஜ் இல்லாத நேரத்தில் டேட்டா திறந்து கிடந்தால் ரீலோட் காசையே அது தின்னும், காலையில் போட்டது பின்னேரம் இருக்காது. டேட்டா பக்கேஜை நேரடியாக அனுப்ப வழியிருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் டேட்டாவை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு ரீலோட் போடுங்கள், பக்கத்தில் இருக்கிற பிள்ளை யாராவது பக்கேஜைப் போட்டுக் கொடுத்த பிறகு திறக்கலாம். இன்னொன்று, அந்தரத்துக்குக் கம்பனியிடம் போன் கடன் எடுத்திருந்தால் அடுத்து வருகிற ரீலோட்டில் முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். 500 போட்டேன் 400 தான் வந்தது என்று செயலிக்காரரோடு சண்டைக்குப் போக முதல் அம்மாவிடம் கடன் எடுத்தாரா என்று கேளுங்கள். கோலர் டியூன் ஒன்றை எப்போதோ தெரியாமல் அழுத்தி வைத்திருந்தால் அதுவும் மாதாமாதம் கடிக்கும்.

எதில் அனுப்புவது? டிங், ரெப்டெல் போன்ற செயலிகள் இருக்கின்றன, கார்ட் இலக்கத்தைக் கொடுத்தால் உடனே போய்ச் சேரும். தமிழ்க் கடைகளிலும் காசைக் கையில் கொடுத்துப் போடலாம், கார்ட் விபரத்தை இணையத்தில் கொடுக்கப் பயப்படுகிறவர்களுக்கு அது சரி. "கட்டணம் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அவர்களுடைய லாபம் மாற்று விகிதத்துக்குள் இருக்கிறது. கணக்கு இதுதான்: அன்றைக்கு ஒரு கனடா டொலர் 215 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 10 டொலருக்கு 2,150 வர வேண்டும், செயலி 1,750 என்று காட்டினால் 400 ரூபாய் அவர்களுடைய கூலி. அவசரத்துக்கு அதைக் கொடுக்கலாம். மாதாமாதம் கொடுக்க எனக்கு மனமில்லை.

கம்பனிகளின் சொந்தச் செயலியிலும் கார்ட் போட்டு ரூபாயில் கட்டலாம். எல்லா வெளிநாட்டுக் கார்டுகளும் அதில் வேலை செய்வதில்லை, வேலை செய்தாலும் கனடாக் கார்டுகள் பெரும்பாலும் அந்நிய நாணயத்துக்கென்று 2.5 சதவீதம் எடுக்கும். அப்படி எடுத்தாலும் மேலே சொன்ன கூலியை விட அது குறைவு. அம்மாவின் இலக்கத்தால் உள்ளே போக வேண்டுமென்றால் ஓடிபி அவருடைய போனுக்குத்தான் வரும், அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்துச் சொல்லுவதற்குள் அது காலாவதியாகிவிடும். தங்கச்சி வீட்டுக்கு வருகிற நாளில் செய்யுங்கள்.

நான் இப்போது செய்வது வேறு. மாதம் ஒரு தடவை வீட்டுச் செலவுக்கு அனுப்புகிற காசோடு 1,500 ரூபாய் கூட்டித் தங்கச்சியின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறேன், அவள் தன் போனிலிருந்தோ சந்தியிலிருக்கிற கொமினிகேஷன் கடையிலோ அம்மாவுக்குப் பக்கேஜ் போட்டுவிடுவாள். கொடுத்த காசுக்கு முழு ரீலோட். செயலியை, பக்கேஜ் நடு மாதத்தில் முடிந்துபோகிற நாளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஊரில் அப்படி ஒரு ஆள் இல்லாதவர்களுக்கு இது சரிவராதுதான்.

செயலியில் புது இலக்கத்துக்கு முதல் தடவை போடும்போது ஆகக் குறைந்த தொகையைப் போட்டுப் பாருங்கள். போன ரீலோட்டைத் திருப்பி எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம், செலவழித்துவிட்டால் அறவே இல்லை. கடைசியில் பணம் கட்டுகிற பொத்தானை அழுத்த முதல் இலக்கத்தை வாய்விட்டு ஒருக்கால் வாசியுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. ரசீது மின்னஞ்சலில் வரும், அதை அழிக்க வேண்டாம், காசு சேரவில்லை என்று கேட்கப்போனால் அதிலிருக்கிற ரசீது இலக்கத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

வட்ஸ்அப்பில் மச்சானின் படத்தோடு "அவசரம், இந்த இலக்கத்துக்கு ரீலோட் போட்டு விடு" என்று ஒரு செய்தி வந்தால் போடாதீர்கள். முதலில் சாதாரண கோல் எடுத்து அவருடைய குரலைக் கேளுங்கள். கணக்கைக் களவெடுத்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதே செய்தியை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், ரீலோட்டைக் கேட்பது ஏனென்றால் அது சின்னக் காசு, யாரும் யோசிக்காமல் போட்டுவிடுவார்கள்.

போட்ட பிறகு வட்ஸ்அப்புக்குக் காத்திருக்காமல் சாதாரண கோல் எடுங்கள், டேட்டா இல்லாவிட்டாலும் அது போகும். "மெசேஜ் வந்ததா அம்மா?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும் தம்பி, ஏதோ டிங் எண்டு கேட்டது" என்பார். டயலொக் என்றால் #456# அடிக்கச் சொல்லுங்கள், மீதி திரையில் வரும். அந்த '#' எங்கே இருக்கிறது என்று விளங்கப்படுத்துவதற்கு மட்டும் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள், 0-வுக்கு வலப்பக்கம், "நாலு கோடு கீறின மாதிரி" என்று சொன்னால் அம்மாவுக்குப் பிடிபடுகிறது.